வாகனச் சத்தமும் பாலைவன மானும்

டுபாயில் இருக்கும் உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் எங்கள் குடும்பங்களின் கைபேசிகளில் அநேகமாக ஒரு படம் இருக்கும். அல் குத்ரா பக்கத்து வீதியோரம், வெள்ளை உடம்பும் நீண்ட நேரான இரண்டு கொம்புகளுமாக ஒரு மான் நிற்கும். வாகனக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பிள்ளைகள் எடுத்த படம். கடந்த மார்கழியில் நாங்களும் அப்படி ஒன்று எடுத்தோம். பத்து மீற்றர் தூரம்கூட இராது. எங்கள் வாகனம் ஓடுநிலையில் நின்றது. பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார். மான் தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கிவிட்டது.

"அது ஏன் மாமா ஓடேல்லை?" என்று மருமகள் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. ஏனென்றால் எங்களுக்கு வேறொரு மான் நினைவில் இருந்தது. 1994இல் சார்ஜாவில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் இருந்தபோது, ஓமானின் உட்பகுதியில் இருந்த வீதி வேலைத்தளம் ஒன்றுக்குச் சம்பளக் கணக்குச் சரிபார்க்கப் போனோம். வயதான பட்டாணிச் சாரதி ஒருவர் பிக்கப்பை ஓட்டினார். கல்லும் சரளையுமான வெட்டவெளி. திடீரென்று அவர் கையை நீட்டிக் காட்டினார். தொலைவில் நாலைந்து புள்ளிகள். நாங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்ப்பதற்குள் அந்தப் புள்ளிகள் இல்லை. "நாம் அவற்றைக் காண்பதற்கு முன்பே அவை எங்களைக் கேட்டுவிட்டன" என்றார் சாரதி.

ஒரே வளைகுடா, ஒரே வகை வாகனச் சத்தம். ஒரு மான் காதை மட்டும் அசைக்கிறது, மற்றது அடிவானத்தைத் தாண்டி ஓடுகிறது. இது ஏன் என்று தேடி வாசித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். நாங்கள் படித்தது வணிகமாணி, விலங்கியல் அல்ல. ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரியும். இந்த விடயத்தில் அது எதிர்பாராத அளவுக்கு உதவியது.

முதலில் ஒரு சிறு திருத்தம். வளைகுடா நாடுகளில் இயற்கையாக வாழும் இந்த விலங்குகள் விலங்கியல் கணக்கில் மான் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. எங்கள் வன்னிக் காட்டின் புள்ளிமானும் மரையும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்ப்பவை. அரேபியப் பாலையின் ஓரிக்ஸும், ரீம் என்றும் கசால் என்றும் அரபியில் சொல்லப்படும் சிறு மான்களும் கொம்பை உதிர்ப்பதில்லை. பழந்தமிழில் இவ்வகைக்கு இரலை என்று ஒரு சொல்லே இருக்கிறது. பேச்சு வழக்கில் எல்லாம் மான்தான் என்பதால் நாங்களும் மான் என்றே எழுதுகிறோம். ஓரிக்ஸை அரபியர் 'மஹா' என்பார்கள். ஐக்கிய அரபு அமீரகம், கட்டார் இரண்டுக்கும் அது தேசிய விலங்கு. கட்டார் விமானங்களின் வாலில் இருப்பதும் அதன் தலைதான்.

சத்தம் பாலைவனத்தில் எப்படிப் போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தனியாக ஓடும் ஒரு வாகனத்தின் சத்தம், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபெல் குறையும். ஆனால் வாகனங்கள் இடைவிடாது ஓடும் நெடுஞ்சாலை ஒரு நீண்ட கோடு போன்றது. அதன் சத்தம் தூரம் இரட்டிப்பாகும்போது 3 டெசிபெல்தான் குறையும். ஆகவே நெடுஞ்சாலையின் இரைச்சல் நாங்கள் நினைப்பதை விட வெகுதூரம் போகிறது. இதோடு வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. பகலில் சுட்ட மணலுக்கு மேல் காற்றுச் சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். சூரியன் மறைந்து மணல் விரைவாகக் குளிர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று என்று வரும்போது ஒலி நிலத்தை நோக்கி வளைகிறது. பகலில் கேளாத வாகனம் இரவில் கேட்கிறது. மான்கள் மேய்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான், வெயில் தணிந்த பிறகு.

மானின் காது பற்றியும் சிலவற்றைச் சொல்லவேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு வந்துபோகும் வெள்ளைவால் மானின் செவிப்புலனை ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் சோதித்திருக்கிறார்கள். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி அதற்கு மிகக் கூர்மையாகக் கேட்பது 4,000 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரையான சத்தங்கள். எங்கள் காது கூர்மையாக இருக்கும் எல்லையை விட இது சற்று மேலே. சுள்ளி முறிவதும் சரளை நெரிபடுவதும் இந்த எல்லைக்குள் வருபவை. மானுக்கு இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்பும். முன்னால் புல்லைத் தின்றுகொண்டே பின்னால் கேட்கும்.

இந்தக் காதுதான் அதன் காவல். அதனால்தான் சத்தம் இரண்டு விதமாகக் கேடு செய்கிறது. ஒன்று, வாகனம் வருகிறது என்று பயந்து ஓடுவது. இது கண்ணுக்குத் தெரியும். மற்றது கண்ணுக்குத் தெரியாதது. பின்னணி இரைச்சல் 3 டெசிபெல் கூடினால், மெல்லிய சத்தமொன்றைக் கேட்கக்கூடிய தூரம் ஏறக்குறைய 30 வீதம் குறைகிறது. தூரம் 0.7 ஆகினால் பரப்பு 0.7 தர 0.7, அதாவது 0.49. மான் தன் காதால் காவல் காக்கும் நிலத்தில் பாதி கணக்கிலிருந்து போய்விட்டது. ஓநாயோ நாயோ நெருங்குவது அந்தப் பாதிக்குள் நடந்தால் அதற்குத் தெரியாது. காதால் அறிய முடியாததைக் கண்ணால் அறிய வேண்டும். அதற்குத் தலையைத் தூக்க வேண்டும். தலையைத் தூக்கினால் மேய முடியாது.

வாகனமே இல்லாமல் வாகனச் சத்தம் மட்டும் இதைச் செய்யுமா என்று கேட்கலாம். 2012இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பொய்சி பல்கலைக்கழகத்தினர் அதைச் சோதித்தார்கள். வீதியே இல்லாத ஒரு மலைமுகட்டில் ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, பதிவு செய்த வீதி இரைச்சலை ஓடவிட்டார்கள். இரைச்சல் ஓடிய நாட்களில் அங்கே தங்கும் பறவைகளின் தொகை கால் பங்குக்கு மேல் குறைந்தது. அங்கே காரும் இல்லை, புகையும் இல்லை. சத்தம் மாத்திரம்தான். அது பறவை, இது மான் என்றாலும், சத்தம் தனியாகவே ஒரு காரணி என்பதை அந்தச் சோதனை காட்டியது.

மானைப் பொறுத்தவரை மிகத் தெளிவான ஆய்வு கனடாவின் அல்பேர்ட்டாவிலிருந்து வந்தது. அங்குள்ள எல்க் என்ற பெரிய மான்களைக் கவனித்து 2012இல் வெளியிட்டார்கள். பக்கத்து வீதியில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு வாகனம் என்ற அளவைத் தாண்டியதுமே மான்கள் மேய்ச்சலைக் குறைத்து, தலைதூக்கிப் பார்க்கும் நேரத்தைக் கூட்டிவிட்டன. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு வாகனம்! எங்கள் ஊர் உள்வீதியில்கூட அதைவிடக் கூட ஓடும். வேட்டைக்கு அனுமதியும் வாகனப் பொழுதுபோக்கும் சேர்ந்திருந்த நிலங்களில்தான் இந்தப் பதற்றம் மிக அதிகம். ஓநாயும் கரடியும் இருந்தும், அவற்றைவிட மனிதரே அந்த மான்களின் நடத்தையைக் கூடுதலாக மாற்றியிருந்தார்கள்.

அதே அல்பேர்ட்டாவில் பின்னர் வந்த இன்னொரு ஆய்வு எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. பத்து வயதைத் தாண்டிய பெண் எல்க் வேட்டைக்காரரிடம் அநேகமாக அகப்படுவதே இல்லை. அவை வேகமாக ஓடக் கற்றுக்கொண்டதால் அல்ல. நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, மறைவான இடத்தில் அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டதால். சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுகிற இளம் மான் கண்ணில் படுகிறது. கிழவி படுத்திருக்கிறாள், வாகனம் கடந்து போகிறது.

இங்கேதான் வளைகுடாவின் கதை கனடாவின் கதையிலிருந்து பிரிகிறது. காட்டில் மறைவு உண்டு, வாகனம் வீதியை விட்டு இறங்க முடியாது. ஓமானின் ஜித்தத் அல் ஹராஸிஸ் போன்ற சரளைச் சமவெளியில் மறைவும் இல்லை, வீதிக்கு ஓர் எல்லையும் இல்லை. வாகனம் எந்தத் திசையிலும் ஓடலாம். ஓரிக்ஸின் வெள்ளை உடம்பு வெயிலைத் திருப்பி அனுப்ப உதவுவது. அதே வெள்ளைதான் அதைத் தொலைவிலிருந்து காட்டியும் கொடுக்கிறது. கிழவி எல்க்கின் புத்தி இங்கே செல்லாது. ஓடுவது ஒன்றுதான் வழி.

ஒட்டகத்திலும் காலாலும் வேட்டையாடிய காலத்தில் அந்த வழி போதுமானதாக இருந்தது. வேட்டைக்காரன் நாட்கணக்கில் தடம் பார்த்துப் போகவேண்டும். மான் ஒருமுறை மிரண்டு ஓடிவிட்டால் அவனுடைய தண்ணீர்க் கணக்கு அன்றோடு முடிந்தது. மோட்டார் வாகனமும் நவீன துவக்கும் வந்தபின் இந்தக் கணக்கு மாறியது. வாகனச் சத்தத்தை மான் எவ்வளவு தூரத்தில் கேட்டாலும் அதனால் பயனில்லை. அது முதல் சில நிமிடங்கள் வாகனத்தை விட வேகமாகக்கூட ஓடலாம். வாகனம் களைப்பதில்லை, மான் களைக்கும். எச்சரிக்கை கிடைத்தும் தப்ப இடமில்லாத நிலை அது. சவூதியின் வடக்கே நபூத் பாலைவனத்து ஓரிக்ஸ் கூட்டம் 1950 அளவில் இல்லாமல் போனது. 1960களின் தொடக்கத்தில் வாகனங்களில் வந்த வேட்டைக் குழுவொன்று ஏடனுக்குக் கிழக்கே 40க்கும் மேற்பட்ட ஓரிக்ஸைக் கொன்றது. 1972 ஒக்டோபரில் ஜித்தத் அல் ஹராஸிஸில் கடைசிக் கூட்டமும் முடிந்தது. அதன் பிறகு உலகில் எங்கும் காட்டு ஓரிக்ஸ் இல்லை.

களைப்பு என்பதை நாங்கள் இலேசாகச் சொல்கிறோம். அது வெறும் மூச்சுவாங்கல் அல்ல. ஓரிக்ஸ் தண்ணீரைச் சேமிப்பதே உடம்பின் வெப்பத்தை வியர்வையால் வெளியேற்றாமல் பகலில் சேர்த்துவைத்து இரவில் விடுவதன் மூலம்தான். சவூதியின் மஹாஸத் அஸ் ஸைத் காப்பகத்தில் நடந்த ஆய்வில், கோடைகாலத்தில் ஒரே நாளுக்குள் அதன் உடல்வெப்பம் சராசரியாக 4 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறி இறங்குவதாக அளந்திருக்கிறார்கள். எங்களுக்கு 2 பாகை ஏறினாலே பனடோல் தேடுவோம். இப்படி விளிம்பில் வாழும் விலங்கைப் பகலில் துரத்தினால், அது சேர்த்துவைத்த தண்ணீரை ஒரே ஓட்டத்தில் செலவழிக்கிறது. அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது. கடுமையாகத் துரத்தப்பட்ட மான்களின் தசை நார்கள் சிதைந்து, துரத்தியவர் போய் மணித்தியாலங்கள் அல்லது நாட்கள் கழித்து அவை சாவதும் உண்டு. படம் எடுப்பதற்காகக் கொஞ்சத் தூரம் பின்னால் ஓட்டியவருக்கு இது தெரிய வராது. அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

குட்டிகளின் நிலை வேறு. தாய் குட்டியை ஒரு புதரடியில் படுக்க வைத்துவிட்டுத் தூரத்தில் மேயும். குட்டி அசையாது. சத்தம் கேட்டுத் தாய் ஓடினாலும் குட்டி அப்படியே கிடக்கும். தாய் திரும்பி வரத் தாமதமானால் பால் தப்புகிறது. மணல்மேட்டில் கண்டபடி ஓடும் வாகனத்துக்குப் புதரடியில் கிடப்பது தெரிவதுமில்லை.

சரி, அல் குத்ரா மான் ஏன் ஓடவில்லை?

விலங்குகள் சத்தத்துக்கு இரண்டு எதிர்மாறான வழிகளில் பழகுகின்றன. ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வந்து, அதன் பின்னால் எந்தக் கெடுதலும் வராவிட்டால், விலங்கு அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அதே சத்தத்தின் பின்னால் ஒரு தடவை அடி விழுந்தால், அடுத்த தடவை இன்னும் தூரத்திலேயே, இன்னும் மெல்லிய சத்தத்துக்கே ஓடும். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதன் எதிரே எழுதப்பட்டிருக்கும் பதிவுதான் வேறு. வில்பத்துவுக்கும் யாலவுக்கும் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஜீப் பக்கத்தில் வந்து நின்றாலும் புள்ளிமான் மேயும். ஒருவர் கதவைத் திறந்து காலை வைத்ததும் கூட்டமே பாயும். அங்கே ஜீப் சுட்டதில்லை. மனிதன் சுட்டிருக்கிறான். ஜித்தத் சமவெளியில் வாகனம்தான் வேட்டைக்காரன்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஆய்வு தேவைப்பட்டிருக்காது என்றும் சொல்லலாம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போன யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் மோட்டார் சைக்கிள் சத்தம் யாரையும் எழுப்பாது. 'சகடை' என்று சனம் பெயர் வைத்த விமானத்தின் இரைச்சல் வானத்தின் ஒரு மூலையில் தொடங்கியதும் முழு ஊரும் பங்கருக்குள். கெலி வேறு சத்தம், பொம்பர் வேறு சத்தம், பின்னாளில் வன்னியில் 'வண்டு' வேறு சத்தம். நாலு வயதுப் பிள்ளை பிரித்துச் சொல்லும். எங்கள் வீட்டு நாய் எங்களுக்கு முன்பே பங்கர் வாசலில் நிற்கும். சார்ஜாவுக்கு வந்த முதல் மாதங்களில், விமான நிலையத்துக்கு இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் பேனை கையில் அப்படியே நின்றுவிடும். கணக்குப் புத்தகத்தில் பாதி எழுதிய இலக்கங்கள் இருந்தன. ஆறேழு மாதத்தில் அது போய்விட்டது. எங்களோடு அறையில் இருந்த நண்பர் ஒருவருக்கு அது கடைசிவரை போகவில்லை. அவர் வீட்டில் விழுந்த குண்டு எங்கள் வீட்டில் விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே மருமகளுக்கு நாங்கள் சொன்ன பதில் இது: அந்த மானை வாகனத்திலிருந்து யாரும் சுட்டதில்லை. அதன் தாயையும் சுட்டதில்லை.

அந்த நிலைமை தானாக வந்ததல்ல. 1962இல் பிரித்தானிய விலங்குப் பாதுகாப்புச் சங்கமொன்று மேஜர் இயன் கிரிம்வுட் தலைமையில் ஏடன் பகுதிக்கு ஆட்களை அனுப்பி, எஞ்சியிருந்த ஓரிக்ஸில் நாலைப் பிடித்தது. ஒன்று இறந்துபோக மூன்று மிஞ்சின. லண்டன் விலங்கினச்சாலையிலிருந்து ஒன்று, குவைத்திலிருந்து ஒன்று, சவூதி மன்னரிடமிருந்து நாலு. ஆக 9 விலங்குகளோடு அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 'உலக மந்தை' தொடங்கியது. அமீரகத்தில் ஷேக் ஸாயித் 1968 அளவிலேயே சிலவற்றைப் பிடித்து அல் ஐனில் வளர்க்கச் செய்திருந்தார். 1983இல் அமீரகம் வேட்டையைக் கட்டுப்படுத்தும் 9ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டுபாய் பாலைவனப் பாதுகாப்பு ஒதுக்ககம் 225 சதுர கிலோமீற்றர், வேலி அடைக்கப்பட்டது. உள்ளே போகும் சுற்றுலா நிறுவனங்களும் குறித்த சில மட்டும்தான். அபுதாபியில் ஓமான், சவூதி எல்லையை ஒட்டி உம் அல் ஸமூல் பகுதியில் 2007 முதல் ஓரிக்ஸை விட்டிருக்கிறார்கள். சுமார் 6,000 சதுர கிலோமீற்றர். 2011இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஓரிக்ஸை ஆபத்துப் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கியது. காட்டில் முற்றாக அழிந்த ஓர் இனம் அந்தப் படிக்குத் திரும்பி வந்தது அதுவே முதல் தடவை.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதைதான். ஆனால் ஓமானில் நடந்ததையும் சொல்லவேண்டும்.

1982 ஜனவரியில், கடைசிக் கூட்டம் அழிந்த அதே ஜித்தத் அல் ஹராஸிஸில், பத்து ஓரிக்ஸை ஓமான் திறந்துவிட்டது. வேலி இல்லை. அந்த நிலத்துக்குரிய ஹராஸிஸ் குலத்தவரையே காவலராக வைத்தார்கள். காவலர்கள் வாகனத்தில் பின்தொடர்ந்து ஒவ்வொரு விலங்கையும் கவனித்தார்கள். 1994இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. 1996 பெப்ரவரியில் களவு வேட்டை தொடங்கியது. இந்தமுறை சுடுவதற்கு அல்ல, உயிரோடு பிடித்து நாட்டுக்கு வெளியே தனியார் சேகரிப்புகளுக்கு விற்க. அதற்குப் பெண் மான்தான் விலை. துரத்திப் பிடித்ததில் பல செத்தன. 1996 ஒக்டோபரில் 400க்குச் சற்று மேலே இருந்த தொகை 1998 செப்டெம்பரில் 138. அதில் பெண் 28 மட்டும். கணக்காளர் கண்ணுக்கு 138 என்ற மொத்தத்தை விட இந்த 28தான் பயங்கரமான இலக்கம். 2007இல் 65 எஞ்சியிருந்தன, இனம்பெருக்கக்கூடிய சோடி நாலே நாலு. காப்பகத்தின் பரப்பை 90 வீதம் குறைக்க அரசு தீர்மானித்ததும், யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து முதன்முதலாக நீக்கப்பட்ட இடம் அது.

பதினாலு வருடம் காவலரின் வாகனத்தை மட்டுமே கேட்டு வளர்ந்த மானுக்கு, 1996இல் வந்த வாகனம் வேறு என்று எப்படித் தெரிந்திருக்கும்? இது எங்கள் ஊகம்தான், ஆய்வு முடிவு அல்ல. ஆனால் பழக்கத்தின் மறுபக்கம் இது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பயம் மறந்த மான், காவல் நிற்கும்வரைதான் பத்திரமாக இருக்கும். அல் குத்ரா மானின் அமைதிக்குப் பின்னால் ஒரு சட்டமும், மாதச் சம்பளம் வாங்கும் காவலர்களும் இருக்கிறார்கள். அது மானின் குணம் என்று நாங்கள் நினைத்துவிடக்கூடாது.

இதில் எங்கள் பங்கும் உண்டு. வளைகுடாவில் குளிர்காலம்தான் பழைய வேட்டைக் காலம். இன்று கூடாரம் போடும் காலமும், மணல்மேட்டில் வாகனம் ஏற்றும் காலமும், கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் எங்கள் சனம் பிள்ளைகளோடு போய் இறங்கும் காலமும் அதுவே. அமீரகத்தவர் துவக்கோடு மான் தேடிப் போவதில்லை. ஆனால் மானுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு வாகனச் சத்தத்துக்குக் குறைவில்லை. டுபாய்-ஹத்தா வீதியோரம் சிவப்பு மணல்மேடுகளில் வார இறுதியில் நிற்பவர்களுக்கு இது தெரியும்.

இந்த மார்கழியில் போகிறவர்கள் பாலைவனச் சவாரிக்குப் பணம் கட்டுமுன், வாகனம் குறித்த தடத்தில் மட்டும் ஓடுமா, காப்பகத்துக்குள் போக அந்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பவர் கூடினால்தான் பதில் சொல்பவரும் கூடுவார். சாரதி பிள்ளைகளை மகிழ்விக்க மானைத் துரத்த வெளிக்கிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் உங்கள் பணத்துக்காகத்தான் அதைச் செய்கிறார், சொன்னால் நிறுத்திவிடுவார். தானாக ஓட்டிப் போகிறவர்கள் வீதியை விட்டு இறங்காமல், நூறு மீற்றருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு இருங்கள். கதவைத் திறக்க வேண்டாம். மான் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிக் காதிரண்டையும் உங்கள் பக்கம் திருப்பி அப்படியே நின்றால், நீங்கள் போதுமான அளவு கிட்டப் போய்விட்டீர்கள் என்று பொருள். புதரடியில் தனியாகக் கிடக்கும் குட்டியைக் கண்டால் அதற்குத் தாய் இல்லை என்று எண்ணித் தூக்கவோ தண்ணீர் கொடுக்கவோ போகாதீர்கள். தாய் பக்கத்தில்தான் எங்கோ நின்று, உங்கள் வாகனம் எப்போது போகும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்.